புது ஹெலிகாப்டர் பறக்கும், சான்றிதழ் எப்போது வரும்?

கேட்டது இதுதான்: புதிய கம்பெனி ஒன்று ஐந்து பேர் உட்காரும் ஹெலிகாப்டரை அறிவித்திருக்கிறது. உடல் முழுக்க கார்பன் ஃபைபர். டர்பைன் எஞ்சினும் அவர்களே செய்வது. காக்பிட் திரைகளும் அவற்றின் மென்பொருளும் சொந்தத் தயாரிப்பு. அடுத்த வருஷம் முதல் பறப்பு, அதிலிருந்து இரண்டே வருஷத்தில் சான்றிதழ் என்கிறார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் முன்பணம் கட்டியாயிற்று. இது நடக்குமா, நானும் கட்டலாமா?

பறக்கும் என்றுதான் நினைக்கிறேன். சொன்ன தேதிக்குச் சான்றிதழ் வராது என்றும் நினைக்கிறேன். ஹெலிகாப்டரைப் பறக்க வைப்பது வேறு வேலை, அதற்குச் சான்றிதழ் வாங்குவது வேறு வேலை. முதல் வேலையைக் கெட்டிக்காரச் சிறு குழுவே முடித்துவிடும். பலர் முடித்தும் இருக்கிறார்கள். நான் பல வருஷம் ரோட்டார், அதாவது தலைக்கு மேல் சுழலும் பிளேடுகளின் தொகுதி, அதன் பாகங்களைச் சோதிக்கும் பிரிவில் இருந்தவன். என் சந்தேகம் முழுக்க இரண்டாவது வேலையைப் பற்றியது.

முதலில் 'சான்றிதழ்' என்று ஒற்றைச் சொல்லில் சொல்வதே கொஞ்சம் ஏமாற்றும். மூன்று தாள்கள் வேண்டும். வடிவமைப்பு விதிகளுக்கு உட்பட்டது என்று சொல்லும் வகைச் சான்றிதழ். அந்த வடிவமைப்பை ஒவ்வொரு முறையும் பிசகாமல் அதே மாதிரி செய்யத் தெரியும் என்று தொழிற்சாலைக்குத் தரும் உற்பத்தி அனுமதி. அப்புறம், வெளியே வரும் ஒவ்வொரு ஹெலிகாப்டருக்கும் தனித்தனியாகப் பறக்கும் தகுதிச் சான்று. ஐரோப்பாவில் இதற்கு மேல் இன்னொன்று: வடிவமைக்கும் நிறுவனமே ஒழுங்குமுறை அமைப்பான ஈஸாவிடம் முறையான அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். பழைய கம்பெனிகளுக்கு இது எப்போதோ முடிந்த கதை. புதிதாக வருகிறவர்கள் ஹெலிகாப்டரை உருவாக்கும்போதே அதை உருவாக்கத் தகுதியான நிறுவனமாகத் தங்களையும் உருவாக்கிக்கொள்ள வேண்டும். விளம்பரப் படத்தில் இந்த வேலை தெரியாது.

சரி, எஞ்சினுக்கு வருவோம். என் சந்தேகத்தில் முக்கால்வாசி இங்கேதான் இருக்கிறது.

எஞ்சினுக்குத் தனி வகைச் சான்றிதழ் உண்டு; ஹெலிகாப்டரோடு சேர்த்துக் கிடைப்பதல்ல. அமெரிக்காவில் சிறு ஹெலிகாப்டர்களுக்குப் பார்ட் 27 என்ற விதித் தொகுப்பு, எஞ்சினுக்குப் பார்ட் 33. எடை 7,000 பவுண்டுக்குள்ளும் பயணிகள் இருக்கை ஒன்பதுக்குள்ளும் இருந்தால் பார்ட் 27. டர்பைன் எஞ்சினை 150 மணி நேரம், விதியில் எழுதியிருக்கும் வரிசைப்படி, கணிசமான நேரம் உச்ச சக்தியிலும் உச்ச வெப்பத்திலும் ஓட்டி, பிறகு கழற்றி ஒவ்வொரு பாகமாகப் பரப்பி வைத்துப் பார்ப்பார்கள். தண்ணீர், பனிக்கட்டி, பறவை இவற்றை விழுங்கினால் என்ன ஆகிறது, உள்ளே பிளேடு உடைந்தால் உறைக்குள்ளேயே அடங்குகிறதா என்றெல்லாம் காட்டியாக வேண்டும். இவற்றில் சிலது எஞ்சினையே பலி கொடுக்கும் சோதனைகள். ஆக, ஒரு எஞ்சின் செய்தால் போதாது. ஒரே மாதிரி பல எஞ்சின்கள் வேண்டும்.

இதற்கு மேல் ஒரு முடிச்சு இருக்கிறது. வகைச் சான்றிதழ் தருவதற்கு முன் ஹெலிகாப்டர் நம்பகமாக ஓடுகிறதா என்று பார்க்கக் கட்டாயப் பறப்பு நேரம் ஒன்றை அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.ஏ.ஏ.-வின் விதி வைத்திருக்கிறது. வழக்கமாக 150 மணி நேரம். ஏற்கெனவே சான்றிதழ் பெற்ற எந்த வானூர்தியிலும் வராத டர்பைன் எஞ்சின் என்றால் அது 300 மணி நேரம். அந்த 300 மணி நேரமும் தனக்கென வகைச் சான்றிதழ் உள்ள எஞ்சினோடு பொருந்தும் எஞ்சினை வைத்துத்தான் பறக்க வேண்டும். அதாவது எஞ்சின் பரீட்சை தேறும்வரை ஹெலிகாப்டரின் கடைசிப் பரீட்சை தொடங்காது. எஞ்சின் ஆறு மாதம் தாமதமானால் ஹெலிகாப்டரும் அப்படியே ஆறு மாதம் தள்ளிப்போகும். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டி நேரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று அவர்கள் போட்டிருக்கும் அட்டவணை இந்த இடத்தில் உடைகிறது.

மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். ராபின்சன் கம்பெனி ஆர்66-ஐச் செய்தபோது எஞ்சினை ரோல்ஸ் ராய்ஸிடம் வாங்கியது. அதுவும் அறுபதுகளிலிருந்து ஓடிக்கொண்டிருந்த அலிசன் 250 குடும்பத்தின் வழிவந்தது. பெல் 505-க்கு சஃப்ரானின் ஆரியஸ். பிரான்ஸின் கப்ரி ஜி2-க்கு ஊரறிந்த லைகோமிங் பிஸ்டன் எஞ்சின். ஹெலிகாப்டர் செய்யும் அனுபவசாலிகளே எஞ்சினைக் கடையில் வாங்குகிறார்கள் என்றால் காரணம் இருக்கும். அதிலும் சிறிய டர்பைன் பொல்லாதது. டர்பைன் பிளேடின் நுனிக்கும் உறைக்கும் நடுவே எப்படியும் மயிரிழை இடைவெளி விட்டாக வேண்டும். பெரிய எஞ்சினில் அந்த இடைவெளி பிளேடு உயரத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை. விரல்நுனி அளவு பிளேடில் அதே இடைவெளி வழியாகக் கணிசமான காற்று வேலை செய்யாமலே நழுவிவிடும். சிறிய டர்பைன்கள் எரிபொருளை அள்ளிக் குடிப்பதற்கு இது முக்கியக் காரணம். பல தலைமுறை எஞ்சினியர்கள் மோதிப் பார்த்த சுவர் இது. புதிய கம்பெனி முதல் முயற்சியிலேயே அதைத் தாண்டிவிடும் என்பதைக் கேட்டால் குருவி தலையில் பனங்காய் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அடுத்து, முதல் பறப்பு நடந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று பலர் நினைக்கிறார்கள். புரோட்டோடைப் பறந்த மணி நேரமெல்லாம் சான்றிதழ்க் கணக்கில் சேராது. சோதிக்கப்படும் பொருள் இறுதி வரைபடத்தோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறது என்று சோதனைக்கு முன்பே ஆய்வு செய்து கையெழுத்துப் போட்டால்தான் அந்தச் சோதனை கணக்கில் ஏறும். என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். ரோட்டார் பிளேடைப் பிடித்திருக்கும் உலோகப் பாகம் ஒன்றைச் சோதனை மேடையில் ஏற்றி, அளவுக் கருவிகளையெல்லாம் ஒட்டி முடித்திருந்தோம். ஆய்வாளர் வந்தார். தாங்கு பட்டை ஒன்றில் பொறித்திருந்த வரைபடத் திருத்த எண்ணும் கையிலிருந்த தாளில் இருந்த எண்ணும் வேறு வேறு. பட்டை ஒன்றேதான், வித்தியாசம் ஒரு துளையின் ஓரத்தை எவ்வளவு மழுக்குவது என்பதில். 'மேடையிலிருந்து இறக்குங்கள்' என்றார். ஒன்பது நாள் போனது. அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பின்னால் யோசித்தால், விரிசல் தொடங்குவதே அந்த மாதிரித் துளை ஓரங்களில்தான்.

விரிசலைப் பற்றிச் சொன்னால் ஹெலிகாப்டருக்கும் விமானத்துக்கும் உள்ள அடிப்படை வித்தியாசம் புரியும். ரோட்டார் நிமிடத்துக்கு 400 முறை சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். முன்னோக்கிப் பறக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் பிளேடு ஒரு பக்கம் காற்றை எதிர்த்துப் போகிறது, மறுபக்கம் காற்றோடு பின்வாங்குகிறது. ஆகவே சுற்றுக்கு ஒரு முறையாவது அதன் அடிப்பகுதி வளைந்து நிமிர்கிறது. மணிக்கு 24,000 முறை. 2,000 மணி நேர ஆயுள் என்று கையேட்டில் எழுத வேண்டுமானால் 4 கோடியே 80 லட்சம் வளைவு. சோதனை மேடையில் விநாடிக்குப் பத்து என்று இரவு பகலாக வளைத்தாலும் ஐம்பத்தைந்து நாள் ஆகும், அதுவும் ஒரே ஒரு மாதிரிக்கு. சுமையைக் கூட்டி நாளைக் குறைப்பது வழக்கம்தான். ஆனால் ஒரு மாதிரியை வைத்து யாரும் ஆயுள் தர மாட்டார்கள், பல வேண்டும். கார்பன் ஃபைபர் என்றால் இன்னும் கூடுதல்: ஈரமும் வெப்பமும் ஏறிய நிலையில் பலம் எவ்வளவு குறைகிறது, கண்ணுக்குத் தெரியாத அடி பட்டிருந்தால் எவ்வளவு நாள் தாங்கும், ஒட்டு விட்டுப்போனால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று எல்லாவற்றுக்கும் தனித்தனிச் சோதனை. உடல் முழுக்க அதுதான் என்னும்போது இந்தப் பட்டியல் உடல் முழுக்க நீளும்.

'இப்போதுதான் எல்லாம் கம்ப்யூட்டரிலேயே பார்த்துவிடலாமே' என்று அவர்கள் பக்கத்தில் நிற்பவர்கள் சொல்வார்கள். வடிவமைக்கும்போது கம்ப்யூட்டர் பெரிய வரம், மறுக்கவில்லை. ஆனால் கணக்கீட்டை ஒழுங்குமுறை அமைப்பு ஏற்க வேண்டுமானால், அந்தக் கணக்கீட்டு முறை இதே மாதிரி அமைப்பில் நிஜச் சோதனையோடு ஒத்துப்போனது என்று காட்ட வேண்டும். ஏற்கெனவே நாலு ஹெலிகாப்டர் செய்தவர்களின் அலமாரியில் அந்தச் சோதனை முடிவுகள் இருக்கும். புதியவர்களின் அலமாரி காலி. சில சோதனைகளுக்குக் குறுக்கு வழியே கிடையாது என்று வைத்துக்கொள்ளலாம். எரிபொருள் தொட்டியில் 80 சதவீதம் தண்ணீர் நிரப்பி, அதைச் சுற்றியிருக்கும் உடற்பகுதியோடு சேர்த்து 50 அடி உயரத்திலிருந்து கெட்டித் தரையில் போட வேண்டும். விழுந்த பிறகு ஒழுகக் கூடாது. இருக்கைகளைப் பொம்மை மனிதனோடு சேர்த்து, தரையில் 30 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல 30 மடங்கு, உச்சம் தொடும் அளவுக்கு இடித்துப் பார்க்க வேண்டும். கியர்பாக்ஸ், தண்டு, ரோட்டார் எல்லாம் சேர்த்துக் குறைந்தது 100 மணி நேரம் ஓட்டிக் காட்ட வேண்டும்.

டெஸ்ட் பைலட் உட்கார்ந்து செய்யும் சோதனைகளில் எஞ்சின் நின்றால் என்ன ஆகிறது என்பது முதன்மையானது. நேர்ப் பறப்பில் எஞ்சின் செத்தால் பைலட் உடனே கை வைக்கக் கூடாது. ஒரு விநாடியோ, சராசரி பைலட் சுதாரிக்கும் நேரமோ, எது அதிகமோ அதுவரை சும்மா இருக்க வேண்டும். அந்த நேரத்தில் ரோட்டார் வேகம் மளமளவென்று இறங்கும். பிளேடு இலேசாக இருந்தால் இன்னும் சீக்கிரம் இறங்கும். எடையைக் குறைக்க என்று கார்பனில் செய்த பிளேடின் நுனியில் திரும்ப எடை வைக்கும் வேடிக்கையெல்லாம் இதனால்தான் நடக்கிறது. பிறகு எந்த உயரத்தில், எந்த வேகத்தில் எஞ்சின் போனால் பத்திரமாக இறங்க முடியாது என்று கோடு போட்டுக் காட்டும் வரைபடம். அந்தக் கோட்டைக் காகிதத்தில் போட்டுவிடுவது சுலபம். நிஜத்தில் யாரோ ஒருவர் அந்தக் கோட்டின் ஓரத்துக்கே போய் எஞ்சினைக் குறைத்துவிட்டு இறங்கிக் காட்ட வேண்டும்.

பெல் 525-க்கு நடந்ததை ஞாபகப்படுத்துகிறேன். 2012-இல் அறிவித்து, 2015 ஜூலையில் முதல் பறப்பு. ஒரு வருஷம் கழித்து, 2016 ஜூலை 6 அன்று டெக்ஸாஸில், 185 நாட் (மணிக்குச் சுமார் 340 கிலோமீட்டர்) வேகத்தில் ஒரு எஞ்சின் போனது போல வைத்துச் சோதித்தார்கள். ரோட்டார் வேகம் குறைந்தது. குறைந்த இடத்தில் விநாடிக்கு ஆறு முறை என்ற கணக்கில் உடல் முழுக்க அதிர்வு கிளம்பியது. அதிர்வில் பைலட்டின் கை ஆடியது. கை பிடித்திருந்த கலெக்டிவ் நெம்புகோலும் (எல்லா பிளேடுகளின் சாய்வையும் ஒருசேர மாற்றுவது) ஆடியது. அந்த ஆட்டத்தைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் ரோட்டாருக்கு அனுப்ப, அதிர்வு இன்னும் கூடியது. நிலை உணரும் கருவியும் அதே அதிர்வைச் சரிசெய்யப் போய்த் தன் பங்குக்கு ஊட்டிவிட்டது. கடைசியில் பிளேடு வால்பகுதியை வெட்டியது. இரண்டு டெஸ்ட் பைலட்டுகள் இறந்துபோனார்கள். அமெரிக்க விபத்து விசாரணை வாரியத்தின் அறிக்கையைப் படித்தபோது எனக்கு உறைத்தது இது: ரோட்டார், உடல், மென்பொருள், மனிதனின் கை என்று தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் உடையவில்லை. நாலும் சேர்ந்த இடத்தில்தான் வினை. பல தலைமுறையாக ஹெலிகாப்டர் செய்கிற கம்பெனிக்கே இது முன்கூட்டித் தெரியவில்லை. அறிவித்துப் பத்து வருஷம் ஆன பிறகும் 525-க்குச் சான்றிதழ் வந்திருக்கவில்லை.

மற்றவர்களின் காலக்கணக்கையும் பார்த்துவிடலாம். ஏர்பஸ் எச்160: முதல் பறப்பு 2015, ஈஸா சான்றிதழ் 2020, அமெரிக்கச் சான்றிதழ் 2023. இது பணமும் ஆளும் குறையாத இடம். ஏடபிள்யூ609: 2003-இல் பறந்தது, 2015-இல் இத்தாலியில் அதிவேகச் சோதனையில் உடைந்து இருவரைப் பலி வாங்கியது, இருபது வருஷம் கடந்தும் தாள் வரவில்லை. அது சாய்ரோட்டார், ரோட்டாரைச் சாய்த்து விமானம் போலவும் பறப்பது, தனி ஜாதி. அதை வைத்துச் சாதாரண ஹெலிகாப்டரை எடை போடுவது நியாயமில்லை. உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமானது ஸ்விட்சர்லாந்தின் எஸ்எச்09. புதிய கம்பெனி, ஒற்றை டர்பைன், கார்பன் உடல். 2014-இல் பறந்தது. எஞ்சினை வெளியில்தான் வாங்கினார்கள். அப்படியும் 2020-இல் இத்தாலியின் லியோனார்டோ அந்தக் கம்பெனியையே வாங்கிக்கொள்ள, பெயர் ஏடபிள்யூ09 ஆனது, பிறகு எஞ்சினும் மாறியது. முதல் பறப்புக்குப் பத்து வருஷம் கழித்தும் சான்றிதழ் கைக்கு வரவில்லை.

எதிர்ப்பக்கத்துக்கும் சாட்சி உண்டு. ராபின்சன் ஆர்44 1990-இல் பறந்து 1992-இல் சான்றிதழ் வாங்கியது. ஆர்66 2007-இல் பறந்து 2010-இல் வாங்கியது. பெல் 505 2014-இல் பறந்து 2016 முடிவில் கனடாவில் வாங்கியது. மூன்று வருஷத்துக்குள் முடியவே முடியாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆர்44-க்குப் பின்னால் ஆயிரக்கணக்கில் விற்ற ஆர்22 இருந்தது. 505-இன் ரோட்டாரும் கியர்பாக்ஸும் பழைய 206எல்-இலிருந்து வந்தவை. புதுசு என்று சொல்லிக்கொண்டாலும் கஷ்டமான பாகம் பழசு. அந்த அடக்கம்தான் அவர்களுக்கு நேரத்தை வாங்கித் தந்தது. ஆர்66 விஷயத்தில்கூட அமெரிக்கத் தாள் கிடைத்த பிறகு ஐரோப்பியத் தாளுக்கு 2014 வரை காத்திருந்தார்கள். எந்த நாட்டுச் சான்றிதழ் என்று கேட்காமல் 'சான்றிதழ் வந்துவிடும்' என்பதை நம்பாதீர்கள் என்பதற்கு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிறு கம்பெனியால் முடியுமா என்றால் முடிந்திருக்கிறது. புரூனோ கிம்பல் யூரோகாப்டரில் வேலை பார்த்த எஞ்சினியர். அவருடைய கப்ரியின் முதல் மாதிரி 1992-இல் பறந்தது. கப்ரி ஜி2-க்கு ஈஸா சான்றிதழ் வந்தது 2007 டிசம்பரில். பதினைந்து வருஷம். இரண்டு இருக்கை, கடையில் வாங்கிய எஞ்சின், ஹெலிகாப்டர் தெரிந்த மனிதர். இன்று பயிற்சிப் பள்ளிகளில் நல்ல பெயர் எடுத்த ஹெலிகாப்டர் அது. அதனால் நீங்கள் கேட்ட கம்பெனியை மோசடி என்று நான் சொல்ல மாட்டேன். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பது சரிதான். இங்கே மணியோசைக்கும் யானைக்கும் நடுவே எத்தனை வருஷம், அத்தனை வருஷத்துக்கும் சம்பளம் கொடுக்கப் பணம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. செலவு உச்சத்துக்குப் போவது சோதனைக் காலத்தில். அப்போது விற்க ஹெலிகாப்டர் இருக்காது. ஆர்டர் எண்ணிக்கையைக் காட்டினால் அது பணமல்ல, திருப்பித் தர வேண்டிய கடன் என்று படியுங்கள்.

நடுவில் இன்னொரு வழியும் சொல்வார்கள்: வாங்குபவரே தொழிற்சாலைக்கு வந்து பெரும்பகுதியைத் தன் கையால் பூட்டினால் அது சொந்தக் கட்டுமானம், வகைச் சான்றிதழ் வேண்டாம். சட்டப்படி அப்படி ஒரு கதவு பல நாடுகளில் உண்டு. ஆனால் அதை வாடகைக்கு ஓட்ட முடியாது, வேறு நாட்டுக்குக் கொண்டுபோனால் அங்கே தனியாக அனுமதி கேட்க வேண்டும், காப்பீடும் எளிதில் கிடைக்காது. அதைவிட முக்கியம், மேலே சொன்ன சோதனைகளெல்லாம் நடந்ததா என்று வெளியாள் யாரும் பார்த்திருக்க மாட்டார். சொந்தமாகப் பூட்டும் சிறு விமானத்தை ஏற்கும் நான்கூட, புது எஞ்சினும் புது ரோட்டாரும் உள்ள ஐந்து இருக்கை ஹெலிகாப்டரில் குடும்பத்தை அந்த வழியில் ஏற்ற மாட்டேன்.

எடையையும் சொல்லிவிடுகிறேன். காலி எடை 900 கிலோ என்று அறிவித்திருந்தால், வடிவமைப்பு முதிரும்போது பத்து சதவீதம் ஏறுவது அதிசயமே இல்லை. அந்த 90 கிலோ ஒரு ஆள். ஐந்து பேர் ஹெலிகாப்டர் நாலு பேர் ஹெலிகாப்டர் ஆகிவிடும், அல்லது எரிபொருள் குறையும்.

முன்பணம் கட்டத்தான் ஆசை என்றால், கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வகைச் சான்றிதழுக்கு விண்ணப்பித்த தேதி என்ன? எஃப்.ஏ.ஏ.-விடம் சிறு வானூர்திக்கான விண்ணப்பம் மூன்று வருஷம்தான் செல்லும். விண்ணப்பிக்கவே இல்லை என்றால் கடிகாரம் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. எஞ்சினுக்குத் தனி விண்ணப்பம் போட்டாயிற்றா, 150 மணி நேர ஓட்டத்துக்கான எஞ்சின் கையில் இருக்கிறதா? வரைபடத்தோடு பொருத்தம் பார்த்துக் கையெழுத்தான முதல் பாகம் எது? எந்தெந்த விதியை எந்தச் சோதனையால் நிறைவேற்றுவது என்ற திட்டத்தை ஒழுங்குமுறை அமைப்பு ஒப்புக்கொண்டுவிட்டதா? முன்பணம் தனிக் கணக்கில் பூட்டப்பட்டிருக்கிறதா, இல்லை சம்பளத்துக்குப் போகிறதா? எஞ்சின் கேள்விக்குத் தேதியோடு நேரான பதில் வந்தால் என் கருத்தை மாற்றிக்கொள்ளத் தயார். பதிலுக்குப் பதில் புதுசாக உள்ளலங்காரப் படம் அனுப்பினால், பணத்தை வங்கியிலேயே வைத்துக்கொண்டு எஞ்சின் சான்றிதழ் வரும் நாளுக்குக் காத்திருங்கள். அன்றைக்கு வரிசையில் கொஞ்சம் பின்னால் நிற்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.